தலைமையும் பன்மையும்: காஞ்சிபுரப் பட்டுநெசவில் பெண் உழைப்பின் பெயரீடு

ஆய்வுச் சுருக்கம்

பாலின சமத்துவத்தை விரைந்து எய்த வேண்டும் என்பதை உலக நாடுகள் பலவும் ஏற்றுள்ளன. எனினும், பெண் செய்யும் தொழிலைத் தொழிலெனப் பெயரிட்டுப் பதிவு செய்யும் அடிப்படைப் பணி இன்னும் நிறைவுறவில்லை. காஞ்சிபுரப் பட்டுநெசவை இதற்குச் சான்றாகக் கொள்கிறது இக்கட்டுரை. தொல்காப்பியம் கூறும் 'தலைமை', 'பன்மை' என்னும் பெயரீட்டுக் காரணங்களைக் கருவியாகக் கொண்டு, நெசவுக் குடும்பத்தில் பெண்ணின் உழைப்பு எவ்வாறு பெயரற்றுப் போகிறது, அதனால் அவள் இழக்கும் உரிமைகள் யாவை, அதனைச் சீர்செய்வதில் தமிழாய்வின் பங்கு யாது என்பன விளக்கப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: பாலின சமத்துவம், காஞ்சிபுரம், பட்டுநெசவு, பெயரீடு, ஊதியமற்ற உழைப்பு, பருத்திப் பெண்டு, உரிமைத் தொகை.

முன்னுரை

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் ஒரு வீட்டுப் பெண்ணிடம் அவர்தம் தொழில் யாது என வினவினால், 'அவர் தறி நெய்கிறார்; நான் வீட்டில்தான் இருக்கிறேன்' என்னும் விடை கிடைப்பது இயல்பு. இவ்விடையைக் கூறும்போதே அவர் கை தார் சுற்றிக்கொண்டிருத்தலும் கூடும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

1979ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை, பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1993இல் அதனை உறுதிசெய்தது. 1995இல் பெய்ஜிங் மாநாடு நடைபெற்றது. 2015இல் ஏற்கப்பெற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஐந்தாவது, பாலின சமத்துவத்தை 2030க்குள் எய்த வேண்டுமெனக் கூறுகிறது. ஆயினும், இன்றுள்ள வேகத்தில் சென்றால் முழுச் சமநிலையை அடைய 134 ஆண்டுகள் ஆகும் என உலகப் பொருளாதார மன்றத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அதாவது, ஐந்து தலைமுறைக்கு மேற்பட்ட காலம். இத்தாமதத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மொழியோடும் பதிவோடும் தொடர்புடைய ஒன்றைமட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பெயரீடு குறித்த இலக்கணக் கருத்து

பல பொருள்கள் கலந்திருக்கும் ஓரிடத்திற்கு அவற்றுள் ஒன்றன் பெயரையே பொதுப்பெயராக இடும் வழக்கினைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விளக்குகிறார். இவ்வாறு பெயரிடுவதற்குத் தலைமை, பன்மை என்னும் இரண்டையும் அவர் காரணமாகக் கூறுகிறார். உரையாசிரியர்கள் காட்டும் 'கமுகந்தோட்டம்' என்பதில் வாழையும் பலாவும் இருத்தல் கூடும். கமுகின் தலைமை பற்றித் தோட்டம் அப்பெயர் பெறுகிறது. 'ஒடுவங்காடு' என்பதில் பிற மரங்களும் உண்டு. ஒடுவின் மிகுதி பற்றி அப்பெயர் அமைகிறது.

இவ்விலக்கணம் சொல்வழக்கினை விளக்குவதேயன்றி, ஒன்றனை உயர்த்துவதோ ஒன்றனைத் தாழ்த்துவதோ அன்று. எனினும், சமூகத்தில் ஒரு குழுவிற்குப் பெயரிடும்போது எது தலைமை, யார் அதனைத் தீர்மானிப்பவர் என்னும் வினாக்கள் எழுகின்றன. கமுகந்தோட்டம் என்று சொன்னமையால் வாழை குலை தள்ளாமல் நின்றுவிடுவதில்லை. ஆனால், நெசவாளர் குடும்பம் என்பதன் தலைமை ஓர் ஆண்மகனின் பெயரில் மட்டும் பதிவாகுமாயின், அக்குடும்பத்துப் பெண்ணின் ஊதியமும் ஓய்வூதியமும் அப்பதிவோடு சேர்ந்து மறைகின்றன.

'நெசவாளர்' என்னும் சொல் இலக்கண நோக்கில் இருபாற்கும் பொதுவானது. 'ஆளர்' என்னும் ஈறு ஆணைமட்டும் சுட்டுவதில்லை. ஆனால் பேச்சுவழக்கிலும் ஆவண வழக்கிலும் அச்சொல் பெரும்பாலும் தறியில் அமரும் ஆணையே நினைவூட்டுகிறது. பெண்ணைக் குறிக்க வேண்டுமிடத்துப் 'பெண் நெசவாளர்' என அடைகொடுத்துக் கூறுகிறோம். 'ஆண் நெசவாளர்' எனக் கூறுவது அரிது. அடை பெறாத பக்கமே இயல்பெனக் கருதப்படுகிறது என்பதற்கு இவ்வழக்கே சான்றாகும்.

இலக்கிய மரபில் நூற்கும் பெண்

தமிழின் பழைய இலக்கியங்களில் நூற்றல் தொழில் செய்யும் பெண் பெயரற்றவளாக இல்லை. புறநானூற்றின் 125, 326ஆம் பாடல்களில் 'பருத்திப் பெண்டு' என்னும் சொல்லாட்சி இடம்பெறுகிறது. 326ஆம் பாடலில், பஞ்சின் செற்றையைப் புடைப்பதற்காக இரவில் எழுந்த அப்பெண்ணின் சிறுவிளக்கொளி, காட்டுப்பூனைக்கு அஞ்சிய கோழிப்பேட்டின் நடுக்கத்தைத் தணிக்கிறது. பகற்பொழுதின் வீட்டுப்பணிகள் முடிந்தபின் இரவிலும் தொடரும் உழைப்பினை இக்காட்சி உணர்த்துகிறது எனக் கொள்ளலாம். நற்றிணை 353இல், துணைவரற்ற பெண்கள் தம் முயற்சியால் செய்த நுண்ணிய பஞ்சுப் பனுவல், மலைமேல் தவழும் வெண்முகிலுக்கு உவமையாகிறது. ஆடவர் துணையின்றி வாழ்ந்த பெண்களுக்கு நூற்றல் வாழ்வாதாரமாக இருந்தது என்பதையும் அது காட்டுகிறது. வடமொழி நூலாகிய அர்த்தசாத்திரமும், வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்கு நூற்கும் பணி வழங்குவது பற்றியும், நூலின் தன்மைக்கும் அளவிற்கும் ஏற்பக் கூலி வரையறுப்பது பற்றியும் பேசுகிறது.

நன்னூற் பாயிரம் இவற்றினும் ஒருபடி மேலே செல்கிறது. பஞ்சினைச் சொல்லாகவும், நூற்கும் கதிரினை அறிவாகவும், கையினை வாயாகவும் உருவகிக்கும் பவணந்தியார், நூல் யாக்கும் புலவனுக்கு நூல் நூற்கும் பெண்ணையே ஒப்பாக வைக்கிறார். 'நூல்' என்னும் ஒரு சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாக வழங்கும் மொழியில், புலமைத் தொழிலுக்கு அளவுகோலாகப் பெண்ணின் கைத்தொழிலே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இதனைக் கொண்டு அக்காலப் பெண்கள் சமநிலை பெற்றிருந்தனர் என முடிவுசெய்தல் பொருந்தாது. அத்தொழில் கண்ணுக்குப் புலப்பட்டது, அதற்கு ஒரு பெயர் இருந்தது என்ற அளவிலேயே இச்சான்றுகள் பயன்படும்.

பெயரும் உரிமையும்: காஞ்சியின் பதிவுகள்

காஞ்சிபுரத்தின் நெசவுக்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் எனப்படும் நெசவாளரிடம் ஊரகத்துக் கோயிலின் நிருவாகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகிறது. அவர்கள் தொழிற்குழுவாகப் பெயர் பெற்றிருந்தமையால் பொறுப்பும் அவர்களை வந்தடைந்தது.

பெண்ணின் பெயர் கல்லில் நின்றமைக்கும் இவ்வூரில் சான்றுண்டு. இராசசிம்ம பல்லவனின் அரசி இரங்கபதாகையின் பெயர், கயிலாசநாதர் கோயிலின் முன்னுள்ள சிற்றாலயங்களுள் ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ளது. சிற்றாலயம் எடுப்பித்தவர் என்ற முறையில் அப்பெயர் பன்னிரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பொருளின்மீது உரிமை உடையோரின் பெயர் பதிவாகிறது. பதிவான பெயர் மீண்டும் உரிமைக்குச் சான்றாகிறது. இச்சுழற்சிக்கு வெளியே நின்றோர் உழைப்பாளராகிய பெண்களே.

தறிக்கு வெளியே நிகழும் நெசவு

காஞ்சிப் பட்டுப்புடவைக்கு 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. உடலையும் கரையையும் தனித்தனி ஊடையிழைகளால் நெய்து இணைக்கும் கோர்வை முறை அதன் சிறப்புகளுள் தலையாயது. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டும் சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் புடவையாக மாறுவதற்குள் பல நிலைகளைக் கடக்கின்றன.

முதலில், சாயமிட்ட பட்டினைச் சிட்டத்திலிருந்து பிரித்துச் சிக்கலெடுத்துச் சுற்ற வேண்டும். மெல்லிய இழை அறுபடாமல் சுற்றுவதற்குக் கூரிய கண்ணும் நிதானமான கையும் தேவை. அடுத்துப் பாவு ஓட்டுதல் நிகழ்கிறது. பழைய பாவு முடிந்து புதிய பாவு ஏறும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஓர் இழை இடம் மாறினும் அப்பிழை புடவையின் நீளம் முழுவதும் தொடரும். ஊடைக்குரிய நூலைத் தாரில் சுற்றும் பணி, தறி ஓடும்வரை ஓயாது தொடர்வது. கோர்வை நெசவில் கரைக்குரிய நாடாவைத் தள்ளுவதற்கு நெசவு செய்பவரின் அருகில் மற்றொருவர் இருத்தல் மரபாகும். இவற்றுள் சுற்றுதல், தார் இடுதல், பிணைத்தலில் உதவுதல், கோர்வைக்குத் துணையிருத்தல் ஆகியன பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைகளால் நிகழ்வன. பெண்கள் தறியில் அமர்ந்து நெய்தலும் உண்டு.

பணிகளின் எண்ணிக்கையை நோக்கின், நெசவின் பெரும்பகுதி தறிக்குழிக்கு வெளியே நிகழ்கிறது. ஆயின், பொதுவாகக் கூலி புடவைக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டு, தறிக்குரியவர் பெயரில் வழங்கப்படுகிறது. வீட்டுப்பெண் செய்த முன்னிலைப் பணிகள் அக்கூலிக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கெனத் தனிவரி இல்லை. இதே பணியை வெளியாளிடம் கொடுத்தால் கூலி தரவேண்டும். மனைவியோ மகளோ செய்தால் அது 'உதவி' எனப்படுகிறது. பணி மாறவில்லை, செய்பவரின் உறவுமுறை மாறியதும் பணியின் பெயர் மாறிவிடுகிறது. இங்குப் பெயரீடு பன்மை பற்றி அமையாமல் தலைமை பற்றியே அமைந்தமை தெளிவு.

கணக்கெடுப்பும் அதன் எல்லையும்

2019-20இல் நிகழ்ந்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெய்வோரையும் துணைப்பணி செய்வோரையும் சேர்த்து நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளதாகவும், அவர்களுள் 72 விழுக்காட்டினர் பெண்கள் எனவும் கண்டது. நெசவு ஆண்தொழில் என்னும் எண்ணத்தை இவ்வெண் மறுக்கிறது. எனினும் இதனைக் காஞ்சிபுரத்திற்கு அப்படியே பொருத்துதல் கூடாது. நாட்டின் நெசவாளருள் மிகப் பலர் அசாமில் வாழும் பெண்கள்; அங்கு வீட்டுத் தேவைக்கான நெசவு ஆழ வேரூன்றியது. சந்தைக்கென விலையுயர்ந்த பட்டு நெய்யும் காஞ்சியிலோ தறியின் முதன்மை இருக்கை பெரிதும் ஆணுக்கு உரியதாக அமைந்தது. ஆகவே நாட்டின் மொத்த விழுக்காட்டைக் கொண்டு ஓரூரின் நிலையை அளத்தல் இயலாது. ஒவ்வொரு நெசவூரிலும் எப்பணியை யார் செய்கின்றனர் என்னும் கணக்கே பயன் தரும்.

பயன்படாத கணக்கிற்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்து 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மக்களை உழைப்போர், சார்ந்திருப்போர் எனப் பகுத்தது. நூல் சுற்றும் பெண் இவ்விரண்டுள் எதனுள் அடங்குவாள் என்பது, கேள்வி கேட்பவரும் விடையளிக்கும் குடும்பத்தலைவரும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றாயிற்று.

வீட்டுப்பணியின் சுமையையும் இதனோடு சேர்த்து நோக்கல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் இந்தியக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட, ஈடுபடும் ஆண் 97 நிமிடமே செலவிடுகிறார். நெசவு வீட்டிலேயே நிகழும் தொழிலாதலின், அடுப்பங்கரைக்கும் தறிக்கும் இடையே எல்லை இல்லை. இதனால் தறிப்பணியும் வீட்டுவேலையாகவே எண்ணப்படுகிறது.

1975 அக்டோபர் 24 அன்று ஐசுலாந்து நாட்டுப் பெண்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலகப் பணியையும் வீட்டுப் பணியையும் ஒருநாள் நிறுத்தினர். பெண் உழைப்பின் அளவை அந்நாடு அன்று கண்டது. காஞ்சியில் ஒரு நாள் தார் சுற்றப்படாவிடில் தறிகள் நிற்கும். வேலையை நிறுத்தித்தான் அதனைப் புலப்படுத்த வேண்டும் என்பதில்லை. முறையான பதிவும் அதனைச் செய்யும்.

உலக ஒப்பந்தங்கள் கூறுவன

குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைக்கும் பெண்களைப் பற்றி, மேற்கூறிய 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 1991இல் தனது பதினாறாம் பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. அத்தகைய பெண்கள் பற்றிய தரவுகளைத் திரட்டவும், அவர்களுக்கு ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்கச் செய்யவும் அது நாடுகளை வேண்டியது. 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து பணிசெய்வோருக்கான 177ஆம் ஒப்பந்தத்தை ஏற்றது. இந்தியா அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை. 2013இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளரின் பன்னாட்டு மாநாடு, ஊதியம் பெறாத பணியையும் 'பணி' என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. கருத்தளவில் தடை நீங்கியுள்ளது; அது தெருவளவிற்கு வந்துசேரவில்லை.

'உரிமை' என்னும் சொல்

இவ்வட்டாரம் பெண்ணுரிமை வரலாற்றில் தனியிடம் உடையது. காஞ்சிபுரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில், 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அதற்குரிய சட்டத்திருத்தம் 1989இலும், நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இலும் வந்தன. தீர்மானத்திற்கும் மாநிலச் சட்டத்திற்கும் இடையே 60 ஆண்டுகள். அத்தீர்மானத்தைக் கேட்டு மகிழ்ந்த பெண்களுள் பலர் அதன் பயனைக் காணாமலே மறைந்திருப்பர். சமத்துவத்திற்கு விரைவு ஏன் தேவை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளாகிய 2023 செப்டம்பர் 15 அன்று, அவ்வூரிலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டத்தின் பெயரில் 'உதவி' என்னும் சொல் இல்லை. 'உரிமை' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. மேலும், 'குடும்பத் தலைவி' என்னும் வழக்கு, தலைமை பற்றிய பெயரீட்டில் பெண்ணை அமர்த்துகிறது. எனினும் இத்தொகை இல்லத்தை நடத்தும் உழைப்பிற்கான ஏற்பாகவே அமைகிறது. தார் சுற்றுபவர், இழை பிணைப்பவர் என்னும் தொழில் அடையாளத்தை அது தருவதில்லை. அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. இல்லத்தலைமையும் தொழிலுரிமையும் வேறுவேறு. முன்னது கிடைத்தமையால் பின்னது தேவையற்றதாகிவிடாது.

தடைக்கூற்றுகளும் விடையும்

குடும்பத் தொழிலில் வருமானம் அனைவர்க்கும் பொது; அதனைப் பிரித்து எழுதுவதால் பயன் யாது என வினவலாம். குடும்பம் ஒற்றுமையாக, உறுப்பினர் உடல்நலத்தோடு இருக்கும்வரை இவ்வினா பொருந்தும். தறிக்குரியவர் மறைந்தாலோ, பிரிந்தாலோ நிலைமை மாறுகிறது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்னும் தகுதியை ஒட்டியே நெசவாளர்க்கான சேமிப்பு, ஓய்வூதியம் முதலான நலத்திட்டங்கள் பலவும் அமைந்துள்ளன. முப்பதாண்டு தார் சுற்றிய பெண்ணிடம் அவ்வுழைப்பிற்கு ஒரு தாள் சான்றும் இல்லையெனில், அவர் தொழிலாளராகக் கருதப்படமாட்டார். ஆதரவற்றோர் வரிசையில்தான் நிற்க நேரும்.

பதிவினால் மட்டும் சமத்துவம் வந்துவிடுமா என்பது மற்றொரு வினா. வாராது. கூலி உயர்வு, வீட்டுவேலைப் பகிர்வு, கல்வி ஆகியனவும் வேண்டும். ஆயினும், பெயரில்லாத பணிக்குக் கூலி உயர்வு கேட்க இயலாது. ஆதலின் பதிவு முதற்படியாகிறது.

இம்முதற்படிக்கு மூன்று செயல்கள் உடனடித் தேவை. ஒன்று, 2027ஆம் ஆண்டிற்கென அறிவிக்கப்பட்டுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நெசவூர்களில் பணியாற்றுவோர் 'தொழில் யாது' எனக் குடும்பத்தலைவரிடம் மட்டும் வினவாமல், நூல் சுற்றுதல், பிணைத்தல் எனப் பணிகளின் பெயர்சொல்லிப் பெண்களிடமே வினவுதல். இரண்டு, புடவைக் கூலியில் முன்னிலைப் பணிகளுக்குரிய பங்கினைக் கூலிப்பட்டியலில் தனிவரியாக, செய்தவர் பெயரில் எழுதுதல். மூன்று, நெசவின் முன்னிலைப் பணிகளில் பெண்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தல். மூன்றாவது பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. தறிகள் குறைந்துவரும் இந்நாளில், இளைய தலைமுறை வேறு பணிகளை நாடுகிறது. முதிய பெண்களின் நினைவிலுள்ள சொற்கள் அவர்களோடு மறையுமாயின், அத்திறனுக்கான சான்றும் மறையும். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பதிப்பித்த துறைகளுக்கு இது புதுப்பணி அன்று.

முடிவுரை

காஞ்சிபுரப் பட்டுநெசவில் பெண்ணின் உழைப்பு அளவால் மிகுதியாகவும் பெயரால் இன்மையாகவும் உள்ளது. பன்மை இருந்தும் தலைமை பற்றியே பெயரிடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம் என்பது மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படும். சங்க இலக்கியம் 'பருத்திப் பெண்டு' எனத் தொழிலால் பெயரிட்ட பெண்ணை, இன்றைய பதிவுகள் 'வீட்டில் இருப்பவர்' என எழுதுவது பின்னடைவேயாகும். உலக ஒப்பந்தங்கள் வகுத்த நெறி காஞ்சியின் தெருக்களில் பயன்தர வேண்டுமாயின், கூலிப்பட்டியலிலும் கணக்கெடுப்புப் படிவத்திலும் அப்பெண்ணின் பெயர் அவர் செய்யும் தொழிலோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.

மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மாந்தர் மனக்கோணலை நூல் தீர்க்கும் என்பது நன்னூற் பாயிரத்தின் கருத்து. நூற்கும் பெண்ணை நூலாசிரியனுக்கு ஒப்பாக வைத்த அதே பாயிரம் இதனையும் கூறுகிறது. அக்கடமையைத் தமிழாய்வு தன் காலத்திலேயே, அப்பெண்கள் வாழும் காலத்திலேயே, நிறைவேற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.